எஸ்.எல்.ஆரை விற்றுவிட்டுப் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாமா?

"அண்ணே, நிக்கானைக் கொடுத்துட்டுப் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்னு எடுத்துடலாம்னு இருக்கேன். சரியா வருமா?"

ஒரு வருடத்துக்குள் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். மூவரும் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துக்காரர்கள், எஸ்.எல்.ஆர். ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்கள். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், அப்பா விட்டுப்போன பென்டாக்ஸ் கே1000 வைத்திருக்கிறார். இரண்டாமவர் ஒரு தோட்டத்துக் கிராணியின் (அலுவலக எழுத்தரின்) மகன். திருவிழா, காவடி என்று நிக்கான் எஃப்எம்2 எடுத்துக்கொண்டு அலைபவர். மூன்றாவது, ஈப்போ மருத்துவமனை ஒன்றில் தாதியாக இருக்கும் ஒரு பெண். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்னும் இருக்கிற வயதானவர்களை மாமாவின் கேனன் ஏஇ-1இல் படம் எடுத்து வருகிறார்.

மூவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றல்ல. ஏன் வேறு வேறு பதில் சொன்னேன் என்பதை இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன். பல வருடம் எஸ்.எல்.ஆர். மட்டுமே வைத்திருந்தேன். அப்புறம் ரேஞ்ச்ஃபைண்டர் வந்தது. இப்போது இரண்டும் அலமாரியில் இருக்கின்றன, இரண்டிலும் ரோல் ஓடுகிறது.

## இரண்டும் எங்கே பிரிகின்றன

எஸ்.எல்.ஆரில் லென்ஸ் பார்ப்பதையே நீங்களும் பார்க்கிறீர்கள். உள்ளே சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி வெளிச்சத்தை மேலே திருப்பி உங்கள் கண்ணுக்கு அனுப்புகிறது. பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே தாவும், ஃபிலிமை மறைத்திருக்கும் ஷட்டர் திறக்கும், கண்ணாடி திரும்ப இறங்கும். படம் பதிகிற அந்தக் கணத்தில் மட்டும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது.

ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடியே கிடையாது. லென்ஸுக்கு மேலே ஓரமாக உள்ள ஒரு தனிச் சன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். எல்லாமே எப்போதும் தெளிவாகத்தான் தெரியும். நடுவில் வெளிறிய ஒரு சின்னக் கட்டம். அதற்குள் மட்டும் பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி.

கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் ஓர் ஆயாவை எடுக்கும்போது நான் தேடுவது மூக்குத்தியை. கட்டத்துக்குள் முதலில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் நிற்கும். விரல் நுனியால் கொஞ்சம் தள்ளினால் ஒன்று மற்றொன்றின் மேல் ஏறி ஒரே புள்ளியாக மினுக்கும். அதைவிட நிச்சயமான ஃபோகஸ் எனக்கு எந்தக் கேமராவிலும் கிடைத்ததில்லை. அதே ஆயாவைத் தகரச் சுவரை ஒட்டி நிற்கவைத்து, சுவரை வைத்து ஃபோகஸ் பிடித்தால் கதை வேறு. தகரத்தின் வரிகள் எல்லாம் ஒரே மாதிரி. எந்த வரி எந்த வரியோடு சேர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. தப்பான வரி சேர்ந்து சரியானதுபோல் காட்டும். செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டையிலும் இதே தொல்லை உண்டு.

## எதை வைத்து எடைபோடுவது

விலையையும் அழகையும் தள்ளிவைத்து, முதலில் இந்த ஐந்தைக் கேட்டுப் பாருங்கள்.

தூரம். நீங்கள் எடுக்கும் படங்களில் ஆள் எவ்வளவு தள்ளி நிற்கிறார்? மற்ற நான்கையும்விட இது முக்கியம். உங்கள் கடைசி நான்கு ரோலின் படங்களை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் உத்தேசத் தூரத்தை எழுதுங்கள். ஒரு மீட்டரிலிருந்து ஐந்து மீட்டருக்குள் என்றால் அது ரேஞ்ச்ஃபைண்டரின் வீடு. முக்கால் மீட்டருக்கும் உள்ளே, அல்லது பத்து மீட்டருக்கும் அப்பால் என்றால் எஸ்.எல்.ஆரின் வீடு.

வெளிச்சம். நமக்கு நடுப்பகல் கொளுத்தும், செம்பனைக்கு அடியில் இருட்டும், இரவு வீட்டுக்குள் ஒற்றை டியூப் லைட். எந்த நேரத்தில் அதிகம் எடுக்கிறீர்கள்?

ஆளுக்கும் கேமராவுக்கும் உள்ள உறவு. சத்தம், முகத்தை மறைப்பது, எடுக்கும்போது கண்ணோடு கண் பார்க்க முடிவது.

ஈரமும் பழுதும். வருடம் முழுக்கக் காற்றில் எண்பது விழுக்காட்டை ஒட்டி ஈரப்பதம் உள்ள நாட்டில் இதைத் தள்ளிவைக்க முடியாது.

பணம். கேமரா விலை மட்டுமில்லை. வாங்கிய பிறகு வருகிற செலவையும் சேர்த்துத்தான்.

## இருக்கிற எஸ்.எல்.ஆரோடு இருந்துவிடுவது

இதை யாரும் ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை. எண்ண வேண்டும்.

தூரம் என்று வந்தால் எஸ்.எல்.ஆருக்கு எல்லையே இல்லை. சாதாரண 50 மி.மீ. லென்ஸே அரை மீட்டருக்கும் கொஞ்சம் உள்ளே வரும். மிக அருகில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ் போட்டால் பால்மரத்தின் (ரப்பர் மரத்தின்) வெட்டுக்கோட்டில் வடியும் பால் துளி வரை போகலாம். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலில், கூட்டத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கம் அலகு குத்தியிருப்பவரின் முகத்தை மட்டும் எடுக்க 105, 135, 200 மி.மீ. என்று தொலைவை இழுத்துக் காட்டும் லென்ஸ் போட்டுக்கொள்ளலாம். ரேஞ்ச்ஃபைண்டரில் 135க்கு மேல் நடைமுறைக்கு வராது. அந்த 135உமே சன்னலில் தபால்தலை அளவு கட்டமாகத்தான் தெரியும்.

சட்டகமும் சரியாக வரும். தலைக்குப் பின்னால் மின்கம்பம் முளைத்திருக்கிறதா என்று எஸ்.எல்.ஆர். உள்ளபடி காட்டிவிடும். ரேஞ்ச்ஃபைண்டரில் சன்னல் ஓரிடம், லென்ஸ் ஓரிடம். ஒரு மீட்டரில் எடுக்கும்போது நீங்கள் பார்த்த பின்னணியும் பதிந்த பின்னணியும் ஒன்றாக இருக்காது.

நடுப்பகலில் இன்னொரு பலம். எஃப்எம்2வின் ஷட்டர் 1/4000 நொடி வரை போகும். 200 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) ரோல் போட்டு உச்சி வெயிலில் லென்ஸின் துவாரத்தை, அதாவது அப்பெர்ச்சரை, எஃப் 4 வரை திறந்து பின்னணியை மங்கலாக்கலாம்; எஃப் எண் குறையக் குறையத் துவாரம் பெரிது. பழைய ஜப்பான் ரேஞ்ச்ஃபைண்டர்களில் 1/500தான் உச்சம். அதே வெயிலில் எஃப் 11க்கு மேல் திறக்க வழியில்லை. ஆனால் கே1000 வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பலம் கொஞ்சம்தான், அதன் உச்சம் 1/1000.

குறை என்றால் சத்தமும் அதிர்வும். கண்ணாடி தாவுவதால் 1/30க்குக் கீழே கை நடுக்கம் படத்தில் தெரிந்துவிடுகிறது. மேளம் முழங்கும் கோயிலில் சத்தம் ஒரு பொருட்டில்லை. துக்க வீட்டில், வகுப்பறையில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் அது பெரிய விஷயம்.

மறைமுகச் செலவு இங்கே குறைவு. கண்ணாடி மோதும் இடத்திலும் பின்கதவு ஓரத்திலும் உள்ள பஞ்சு நம் வெப்பத்தில் பிசுபிசுவென்று கரைந்துபோகும். அதை மாற்ற அதிகம் ஆகாது, பொறுமை இருந்தால் நீங்களே மாற்றலாம். எஃப்எம்2உம் கே1000உம் பேட்டரி இல்லாமலே ஓடும், வெளிச்சம் அளக்கும் மீட்டர் மட்டும்தான் நிற்கும். ஏஇ-1 அப்படி இல்லை. 1976இல் வந்த அந்தக் கேமராவுக்குப் பேட்டரி தீர்ந்தால் ஷட்டரே அசையாது.

எஸ்.எல்.ஆர். பாரமாக இருக்கிறது என்பதுதான் உங்கள் குறை என்றால், கேமராவை மாற்றுமுன் ஜூம் லென்ஸைக் கழற்றிவிட்டுச் சின்னதாக ஒரு 50 அல்லது 35 போட்டு ஒரு மாதம் நடந்து பாருங்கள். எஃப்எம்2வின் உடல் எடை 540 கிராம். நீங்கள் ஆசைப்படும் யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் 750 கிராம். "ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் லேசு" என்பது எல்லாக் கேமராவுக்கும் பொருந்தாது.

## லென்ஸ் கழற்ற முடியாத ஜப்பான் ரேஞ்ச்ஃபைண்டர்

நம்மில் பெரும்பாலோர் உண்மையில் யோசிக்க வேண்டியது இதைத்தான். 1960களிலும் 70களிலும் ஜப்பானில் இவை லட்சக்கணக்கில் செய்யப்பட்டன. அதனால்தான் இன்னும் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கின்றன. நான் நன்றாகப் பழகியவை இரண்டு: 1966இல் தொடங்கிய யாஷிகா எலக்ட்ரோ 35 வரிசை, 1972இல் வந்த கேனன் கேனோனெட் கியூஎல்17 ஜி3. முதலாவதில் 45 மி.மீ., இரண்டாவதில் 40 மி.மீ.; இரண்டும் எஃப் 1.7. இரண்டுமே 0.8 மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது.

இவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இலை இலையாக இருக்கிறது. "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதிர்வே இல்லாததால் 1/15இல்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்கலாம். லயத்து வீட்டுக்குள் டியூப் லைட்டில், 400 ஐஎஸ்ஓ ரோலில், எஃப் 1.7, 1/30 வைத்து எத்தனையோ முகங்கள் எனக்குக் கிடைத்திருக்கின்றன. எஸ்.எல்.ஆரில் அந்த வெளிச்சத்தில் கேமராவை எடுத்திருக்கவே மாட்டேன்.

இலை ஷட்டருக்கு இன்னொரு வரம் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் சேரும். நம் ஊர்க் கல்யாணம் பந்தலில் நடக்கும், பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலில் குடும்பப் படம் எடுப்பார்கள். தலைக்கு நேர்மேலே வெயில், கண் இரண்டும் குழியாகிக் கறுத்துப்போகும். சின்ன ஃபிளாஷ் ஒன்றைக் கேனோனெட்டில் மாட்டி 1/500இல் அடித்தால் அந்தக் குழி நிறைந்துவிடும். கே1000இல் ஃபிளாஷுக்கு 1/60தான் கிடைக்கும். அந்த வெயிலில் 1/60 என்றால் படம் வெளுத்துப்போகும், இல்லை அப்பெர்ச்சரை அடிவரை மூட வேண்டிவரும்.

ஆளுக்கும் கேமராவுக்கும் உள்ள உறவு என்றேனே, அதையும் சொல்கிறேன். சன்னல் கேமராவின் இடது மூலையில் இருப்பதால், வலது கண்ணால் பார்ப்பவருக்கு முகத்தில் பாதி வெளியே தெரியும். எதிரே இருப்பவர் உங்கள் சிரிப்பைப் பார்க்கிறார். பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற ஒரு தாத்தா என் நிக்கானைக் கண்டால் சட்டைப் பொத்தானைப் போட்டு விறைத்து நிற்பார். கேனோனெட்டைப் பார்த்தால், "இது எங்க கிராணி வச்சிருந்த பொட்டி மாதிரில்ல இருக்கு" என்று கதை பேச ஆரம்பிப்பார். இடது கண்ணால் பார்க்கிறவர்களுக்கு மட்டும் இந்தப் பலன் கிடையாது, கேமரா முகத்தை முழுக்க மறைத்துக்கொள்ளும்.

ஃபோகஸே பார்க்காமலும் எடுக்கலாம். நிழலில் எஃப் 8 வைத்து, 40 மி.மீ. லென்ஸை 3 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மாலை ஆறு மணிக்குக் கடை போடும் நேரத்தில் இந்த வழியில்தான் எடுக்கிறேன். எஸ்.எல்.ஆரிலும் இதைச் செய்யலாம்தான். ஆனால் அங்கே கண்ணுக்குள் படம் மங்கலாகத் தெரிவதால் கை தானாக ஃபோகஸைத் திருப்பப் போய்விடும்.

இந்த இரண்டுக்குள் எது? எனக்குக் கேனோனெட். காரணம் ஒரு வருத்தமான அனுபவம்.

சில வருடங்களுக்கு முன், என் அத்தை லயத்து வீட்டில் வைத்த கடைசிப் பொங்கல். அடுத்த மாதமே மகனோடு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குப் போய்விட இருந்தார். யாஷிகாவில் பதினான்கு படம் எடுத்தேன். பால் பொங்கியது, அத்தை குலவையிட்டது, வாசல் கோலத்தைப் பேத்தி மிதித்தது எல்லாம். ரோல் கழுவி வந்தபோது பதினான்கும் வெறுமையாக இருந்தன. லென்ஸ் மூடியைக் கழற்றவே இல்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக இல்லை என்பதால் மூடி போட்டிருந்தாலும் சன்னலில் எல்லாம் பளிச்சென்று தெரியும். யாஷிகாவில் மீட்டரின் கண்ணும் லென்ஸுக்கு வெளியே கேமராவின் முகத்தில் இருக்கிறது. அதனால் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. கேனோனெட்டில் மீட்டரின் கண் லென்ஸ் வளையத்துக்குள்ளேயே இருக்கிறது. மூடி போட்டிருந்தால் அதற்கும் இருட்டு, தானியங்கி நிலையில் பட்டன் இறங்கவே இறங்காது. அந்த ஒரு வித்தியாசம் இருந்திருந்தால் அத்தையின் அந்தப் பொங்கல் இன்று என் கையில் இருந்திருக்கும். அன்றிலிருந்து நான் எந்த ரேஞ்ச்ஃபைண்டருக்கும் மூடி போடுவதில்லை. சாதாரண யூவி ஃபில்டர் ஒன்றை நிரந்தரமாக மாட்டிவிட்டேன்.

யாஷிகாவுக்கும் சிறப்பு உண்டு. அப்பெர்ச்சரை மட்டும் வைத்தால் போதும், வேகத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். இரவில் பல நொடி வரை தானாகத் திறந்து வைக்கும். ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் 1/500 மட்டும்தான். கேனோனெட்டில் பேட்டரி தீர்ந்தாலும் மீட்டர்தான் போகும், எல்லா வேகமும் கையால் வைக்கலாம்.

பேட்டரியிலும் ஒரு சிக்கல். இவை பாதரச பேட்டரிக்குச் செய்யப்பட்டவை, அவை இப்போது விற்பனையில் இல்லை. யாஷிகாவுக்கு 4எல்ஆர்44 என்ற 6 வோல்ட் பேட்டரியை ஒரு ஸ்பிரிங் வைத்துப் பொருத்தினால் நன்றாக ஓடுகிறது. கேனோனெட் 1.35 வோல்ட் கேட்கும்; சாதாரண 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் தப்பாகச் சொல்லும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் பேட்டரி பொருத்தமாக இருக்கிறது, மருந்துக்கடையில் கிடைக்கும். காற்றுப் பட்டதும் வேலை செய்யத் தொடங்கும் ரகம் என்பதால் ஓரிரு மாதம்தான் வரும்.

## சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர்

சோர்கி 4, ஃபெட் 2 போன்றவை. லென்ஸ் மாற்றலாம், விலையும் குறைவு. சோர்கி 4 பத்து லட்சத்துக்கு மேல் தயாரானது, அதனால் தட்டுப்பாடு இல்லை. யூப்பிட்டர் 8 என்ற 50 மி.மீ. எஃப் 2 லென்ஸ் முகங்களுக்கு மிக இதமானது.

இருந்தும் நம் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஷட்டர் துணியால் ஆனது. மறைக்கக் கண்ணாடி இல்லாததால், கழுத்தில் தொங்கும்போது வெயில் நேராக லென்ஸுக்குள் விழுந்தால், பூதக்கண்ணாடி வைத்துக் காகிதத்தைச் சுடுவதுபோல் துணியில் ஓட்டை போட்டுவிடும். சோர்கியில் ஷட்டரை முறுக்காமல் வேகத்தைத் திருப்பினால் உள்ளே உடையும். மீட்டர் கிடையாது. ஒன்று அருமையாக அமையும், அடுத்தது குப்பையாக இருக்கும். இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆசை உள்ளவருக்கு நல்ல துணை. கல்யாண வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

## லைக்காவும் அதன் பக்கத்து வீட்டுக்காரர்களும்

1954இல் வந்த ஜெர்மன் ரேஞ்ச்ஃபைண்டர் லைக்கா எம்3இன் சன்னலைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். கண்ணால் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமே இருக்காது, 0.91 மடங்கு. ஃபோகஸ் பிடிப்பதில் அதன் துல்லியம் தனி. ஆனால் அந்தச் சன்னலில் 35 மி.மீ. லென்ஸுக்கான சட்டகக் கோடு கிடையாது. 50, 90, 135 மட்டுமே. லயத்து வீட்டின் சின்ன அறைக்குள் நின்று எடுக்க 35 வேண்டும். அப்படியென்றால் அடுத்து வந்த எம்2தான் உங்களுக்கு. இரண்டிலும் மீட்டர் இல்லை. மீட்டர் உள்ள எம்6, 1984இல் வந்தது, விலை இன்னும் மேலே. உடல் மட்டுமே பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்), லென்ஸ் தனி. துணி ஷட்டர் என்பதால் வெயில் பயம் இங்கும் உண்டு. ரோல் போடும்போது அடித்தட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். காவடிக் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு அதைச் செய்து பார்த்தால் தெரியும்.

லைக்காவுக்கு ஆசைப்பட்டு விலையைக் கண்டு நிற்பவர்கள் கேனன் பி, கேனன் 7 இரண்டையும் பார்க்கலாம். 1950களின் கடைசியிலும் 60களின் தொடக்கத்திலும் வந்தவை. பழைய லைக்காவின் திருகு லென்ஸ்கள் இவற்றில் பொருந்தும். இவற்றின் ஷட்டர் மெல்லிய உலோகத் தகடு, கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் வெயிலில் ஓட்டையாகாது. நம் நாட்டுக்கு இந்த ஒன்றே பெரிய காரணம். கேனன் பியின் சன்னல் கண்ணுக்கு நிகரான அளவு. இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டே எடுக்கலாம், சட்டகத்துக்குள் யார் நுழையப் போகிறார்கள் என்பதும் முன்னாலேயே தெரியும். லென்ஸ் மாற்றியே ஆக வேண்டும் என்பவருக்கு என் தேர்வு இதுதான்.

## ஒரே பார்வையில்

| | கையிலிருக்கும் எஸ்.எல்.ஆர். | யாஷிகா, கேனோனெட் | சோர்கி, ஃபெட் | லைக்கா எம், கேனன் பி |
|---|---|---|---|---|
| மிக அருகில் | அரை மீட்டருக்கு உள்ளேயும் | 0.8 மீட்டர் | சுமார் 1 மீட்டர் | 0.7 முதல் 1 மீட்டர், லென்ஸைப் பொறுத்து |
| தொலைவில் | எல்லையில்லை | முடியாது | 135 மி.மீ. வரை, தனிச் சன்னல் வேண்டும் | 135 மி.மீ. வரை, சிரமம் |
| மங்கிய வெளிச்சம் | சுமார் | மிக நன்று | சுமார் | மிக நன்று |
| நடுப்பகலில் ஃபிளாஷ் | குறைந்த வேகத்தில்தான் | எல்லா வேகத்திலும் | நடைமுறைக்கு வராது | குறைந்த வேகத்தில்தான் |
| சத்தம் | அதிகம் | மிகக் குறைவு | நடுத்தரம் | குறைவு |
| வெயிலில் ஷட்டர் கருகுவது | பயமில்லை | பயமில்லை | உண்டு | லைக்காவில் உண்டு, கேனனில் இல்லை |
| பழுது பார்ப்பது | எளிது | ஆள் தேட வேண்டும் | நீங்களே பழக வேண்டும் | ஆள் உண்டு, கூலி அதிகம் |

## வாங்கிய பிறகு வரும் செலவு

ரோல் செலவு எந்தக் கேமராவுக்கும் ஒன்றுதான். நான் கடைசியாக வாங்கிய கலர் ரோல் 48 வெள்ளி, ஈப்போவில் கழுவி ஸ்கேன் செய்ய 25. முப்பத்தாறு படத்துக்கு 73 வெள்ளி, அதாவது ஒரு படத்துக்கு இரண்டு வெள்ளி. ரேஞ்ச்ஃபைண்டர் பழகும்போது முதல் மூன்று ரோலில் பாதி வீணாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நூறு வெள்ளிக்கு மேலான தொகையைக் கேமரா விலையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பெரிய செலவு பூஞ்சை. எஸ்.எல்.ஆரில் லென்ஸில் பூஞ்சை வந்தால் வேறு லென்ஸ் மாட்டிக்கொள்ளலாம். கேனோனெட்டில் லென்ஸும் கேமராவும் ஒன்று; லென்ஸ் போனால் கேமராவே போச்சு. அதோடு ரேஞ்ச்ஃபைண்டரின் சன்னலுக்குள்ளும் பூஞ்சையும் மங்கலும் ஏறும். பாதி பிரதிபலிக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியின் பூச்சு தேய்ந்தால் நடுக்கட்டம் தெரியாமலே போய்விடும். அப்புறம் ஃபோகஸ் பிடிக்க வழியே இல்லை.

ஈரப்பதத்தை 40க்கும் 50க்கும் நடுவே வைக்கும் மின் அலமாரி வாங்கினால் நல்லது. முடியாதவர்கள், இறுக மூடும் அரிசி டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரமானியும் போட்டு வைக்கலாம். நான் பல வருடம் அப்படித்தான் வைத்தேன். பழைய தோல் உறையோடு மட்டும் உள்ளே வைக்காதீர்கள். பூஞ்சைக்கு அந்தத் தோலைவிட நல்ல வீடு கிடையாது.

ரேஞ்ச்ஃபைண்டர் கீழே விழுந்தாலோ மோட்டார் சைக்கிள் கூடையில் குலுங்கினாலோ ஃபோகஸ் விலகும். எஸ்.எல்.ஆரில் லென்ஸ் விலகினால் கண்ணிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். இதில் ரோல் கழுவி வந்த பிறகுதான் தெரியும். தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் மோட்டார் ஓட்டுபவர்கள் கேமராவைக் கூடையில் போடாமல் மார்போடு சேர்த்துப் பையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

## பணம் கொடுக்குமுன்

"எல்லாம் நன்றாக வேலை செய்கிறது" என்ற ஒற்றை வரியை நம்பி இணையத்தில் ஒரு யாஷிகா வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன். அதனால் இதைச் சொல்கிறேன்.

தூரத்தில் உள்ள தொலைபேசிக் கோபுரத்தையோ கோயில் கலசத்தையோ பாருங்கள். லென்ஸை முடிவிலியில் வைத்தால் இரண்டு உருவமும் சரியாக ஒன்றாக வேண்டும். பக்கவாட்டில் மட்டுமில்லை, மேலும் கீழுமாகவும் விலகக் கூடாது. பிறகு அளவுநாடாவில் ஒரு மீட்டர் அளந்து அங்கேயும் பாருங்கள்.

யாஷிகாவில் ரோலை நகர்த்தும் நெம்புகோலை இழுக்கும்போது உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு கரைந்துவிட்டது என்று அர்த்தம், வெளிச்சக் கணக்கு தப்பும். நான் வாங்கியதில் அந்தச் சத்தம் இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கேனோனெட்டில் 1/4, 1/8 வேகங்களை வைத்து இலைகள் தாமதமில்லாமல் திறந்து மூடுகின்றனவா என்று பாருங்கள். எண்ணெய் கசிந்து இலைகள் ஒட்டிக்கொள்வது இந்தக் கேமராக்களின் வழக்கமான நோய். துணி ஷட்டர் என்றால் லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, விளக்குக்கு நேரே பிடியுங்கள். நட்சத்திரம் போல் புள்ளி தெரிந்தால் வாங்காதீர்கள். கடைசியாக, லென்ஸுக்குள் பின்னாலிருந்து கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிவது பூஞ்சை.

## மூவருக்கும் சொன்னது

ஆசிரியருக்கு: கே1000ஐ விற்க வேண்டாம், ரேஞ்ச்ஃபைண்டரும் வேண்டாம். அவர் எடுப்பது விளையாட்டுப் போட்டியும் மேடை நிகழ்ச்சியும். திடலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தூரம். பஞ்சை மாற்றி 135 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்கச் சொன்னேன். அப்பாவின் கேமரா வேறு. அதை விற்று வரும் பணம் எத்தனை நாளைக்கு வரும்?

கிராணியின் மகனுக்கு: இரண்டும் வைத்துக்கொள்ளலாம். காவடிக்கு எஃப்எம்2. முந்தின நாள் இரவு காவடி கட்டும் வீட்டுக்குள் நடப்பதற்குக் கேனோனெட். லைக்காவுக்குச் சேர்க்கும் பணத்தை இப்போதைக்கு ரோலுக்குச் செலவிடச் சொன்னேன். அவருக்கு மனசில்லைதான், ஆனால் இந்த வயதில் அவர் எடுக்க வேண்டியது படங்களை.

தாதியான அந்தத் தங்கைக்கு மட்டும்தான், மாறு என்று சொன்னேன். அவருடைய படங்களை மேசையில் பரப்பிப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லாமே இரண்டு மீட்டருக்குள், வீட்டுக்குள், பேசிக்கொண்டே எடுத்தவை. ஏஇ-1இன் சத்தத்துக்கு அடுத்த படத்தில் முகம் மாறியிருப்பது வரிசையாகத் தெரிந்தது. விற்பதற்கு முன் என் கேனோனெட்டை மூன்று ரோலுக்கு எடுத்துப்போகச் சொன்னேன். முதல் ரோலில் ஒன்பது படம் ஃபோகஸ் தப்பியிருந்தது, அத்தனையும் தகரச் சுவரை ஒட்டி எடுத்தவை. இரண்டாவது ரோலில் இரண்டுதான் தப்பின. அதில் அவருடைய பாட்டி, விடியற்காலை அடுப்படியில், கையில் கோப்பையோடு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார், 1/15ஆக இருக்கும். மூன்றாவது ரோல் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. 675 பேட்டரி இந்த மாதத்தோடு தீர்ந்துவிடும், புதிது வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.